இணைப்பு டைம்அவுட் எத்தனை விநாடி? மாற்று சர்வருக்குத் தாவும் செய்திச் செயலிகளுக்கு ஒரு கணக்கு வழிகாட்டி

கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் நடக்கும்போது, வியாபாரியின் கையில் இருக்கும் போனுக்கு இரண்டு நிமிடம் என்பது ஒரு யுகம். புதுச்சேரியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து எழுதிய செய்திச் செயலியை அங்கே சிலர் பயன்படுத்துகிறார்கள். எந்தப் படகு கரைக்கு வருகிறது, வஞ்சிரம் என்ன விலைக்குப் போகிறது, ஐஸ் வண்டி எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அதில்தான் ஓடும். ஒரு நவம்பர் மழை நாளில் எங்கள் முதல் சர்வர்கள் இருந்த இடத்துக்குப் போகும் பாதை அறுந்தது. இரண்டாவது இடம் நன்றாகவே இருந்தது. செயலி தானாக அங்கே தாவியிருக்க வேண்டும். தாவவும் செய்தது, இரண்டு நிமிடம் கழித்து. அதற்குள் எனக்குப் போன் வந்துவிட்டது. "தம்பி, உங்கள் செயலி சுற்றி முடிப்பதற்குள் என் மீன் கருவாடாகிவிடும்" என்றார் அந்தப் பெரியவர்.

மாற்று சர்வர் வைத்திருந்தோம். தாவுவதற்கான நிரலும் சரியாக இருந்தது. கோளாறு ஒரே ஓர் எண்ணில்: பதில் வராத முகவரியில் எவ்வளவு நேரம் காத்திருந்து கைவிடுவது என்ற வரம்பு, அதாவது இணைப்பு டைம்அவுட், 30 விநாடி. முதல் இடத்தில் இரண்டு சர்வர்கள். ஒவ்வொன்றுக்கும் இணைய முகவரியின் பழைய வகையான ஐபிவி4இல் ஒன்று, புதிய வகையான ஐபிவி6இல் ஒன்று. நான்கு கதவுகளையும் ஒவ்வொன்றாகத் தட்டி, ஒவ்வொன்றிலும் 30 விநாடி நின்றுவிட்டு, பிறகுதான் இரண்டாவது இடத்துக்கு வந்து சேர்ந்தது செயலி. நான்கு முப்பது நூற்றிருபது. அந்த 30ஐ எழுதியவன் நான். ஏன் 30 என்று கேட்டால், பார்க்க ஒழுங்கான எண்ணாக இருந்தது என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

இயல்பு மதிப்பு, அதாவது யாரும் தொடாதவரை செயலி தானாக எடுத்துக்கொள்ளும் எண், மாற்றிக்கொள்ளக்கூடிய ஒன்றுதானே என்று அலட்சியமாக இருந்துவிடுகிறோம். உண்மையில் யாரும் அதை மாற்றுவதில்லை. நீங்கள் எழுதிவைத்த எண்ணோடுதான் பெரும்பாலானோர் கடைசிவரை வாழ்கிறார்கள். எனவே அந்த எண்ணை எப்படிக் கணக்கிட்டு வருவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

1. மறுப்பையும் மௌனத்தையும் பிரித்துப் பாருங்கள்

இணைப்பு தோற்பதில் இரண்டு வகை உண்டு. சர்வர் கணினி உயிரோடு இருக்கிறது, அதில் ஓட வேண்டிய நிரல் மட்டும் நின்றுவிட்டது என்றால், "இங்கே யாரும் இல்லை" என்று இணைப்பை நடத்தும் நெறிமுறையான டிசிபி உடனே சொல்லிவிடும். போய்வரும் நேரத்துக்குள் பதில் கிடைத்துவிடுகிறது. இதற்கு டைம்அவுட்டே தேவையில்லை. அடுத்த முகவரிக்குப் போய்விடலாம்.

இரண்டாவது வகைதான் தொல்லை. கேபிள் அறுந்திருக்கிறது, அல்லது நடுவழியில் ஒரு ரவுட்டர் பேக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) வாங்கி விழுங்கிக்கொண்டிருக்கிறது, அல்லது ஒரு ஃபயர்வால் (பாதுகாப்பு வடிகட்டி) சத்தமில்லாமல் தூக்கியெறிகிறது. எந்தப் பதிலும் வராது. பூட்டிய வீட்டின் முன் நிற்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து "ஊருக்குப் போயிருக்கிறார்கள்" என்று சொல்வது முதல் வகை. தெருவே வெறிச்சோடிக் கிடக்க, தட்டிக்கொண்டே நிற்பது இரண்டாம் வகை. டைம்அவுட் என்பது அந்த இரண்டாவது தெருவுக்கு மட்டுமான சட்டம்.

நாங்கள் வெளியிடும் முன் சோதித்தபோது சர்வர் நிரலை நிறுத்திப் பார்த்தோம். கண்ணிமைக்கும் நேரத்தில் செயலி தாவியது, கைதட்டிக்கொண்டோம். அது மறுப்பைச் சோதித்தது. மௌனத்தை நாங்கள் சோதிக்கவே இல்லை.

2. எண் எதுவும் வைக்காவிட்டால் என்ன நடக்கும்?

இயங்குதளம் தன் கணக்கில் காத்திருக்கும். லினக்ஸில் (ஆண்ட்ராய்டு போன்களுக்கும் அடித்தளம் அதுதான்) இணைப்பு கேட்கும் முதல் பேக்கெட்டான சின்னுக்குப் பதில் வராவிட்டால், ஒரு விநாடி கழித்து மறுபடி அனுப்பும். பிறகு 2 விநாடி, 4, 8, 16, 32 என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போகும். இயல்பாக 6 மறுமுயற்சிகள். கடைசி முயற்சிக்குப் பிறகு 64 விநாடி காத்திருப்பு. கூட்டிப் பார்த்தால் 127 விநாடி. லினக்ஸின் மையநிரலான கர்னலில், 6.5 முதலான புதிய பதிப்புகளில், முதல் சில மறுமுயற்சிகள் விநாடிக்கு ஒன்றாகப் போகின்றன. மொத்தக் காத்திருப்பு 131 விநாடி. எப்படிப் பார்த்தாலும் ஒரு முகவரிக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல்.

அந்த நேரம் 1980களின் இணையத்துக்கு நியாயமாக இருந்திருக்கலாம். ஒரே ஒரு சர்வர், வேறு போக்கிடம் இல்லை என்றால் இப்போதும் நியாயம்தான். மாற்று இடம் தயாராக இருக்கும்போது முதல் கதவிலேயே இரண்டு நிமிடம் நிற்பது முட்டாள்தனம்.

மற்றவர்கள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதும் பயன் தரும். நேட்ஸ், காஃப்கா, ரேபிட்எம்க்யூ மூன்றும் செய்திகளைக் கடத்தும் மென்பொருள்கள்; அவற்றின் சர்வரோடு இணையும் நிரல்தான் கிளையன்ட். நேட்ஸின் கோ மொழிக் கிளையன்ட்டில் இணைப்புக்கு 2 விநாடி. காஃப்கா கிளையன்ட் 10 விநாடியில் தொடங்கி, தொடர்ந்து தோற்றால் 30 வரை நீட்டிக்கொள்கிறது. ரேபிட்எம்க்யூவின் ஜாவா கிளையன்ட்டில் 60. ஒரே வேலைக்கு 2 முதல் 60 வரை. இவர்களில் யாரும் தவறு செய்யவில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகை வலையமைப்பை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பக்கத்து ரேக்கில் சர்வர் இருப்பவருக்கு 2 விநாடியே தாராளம். ஆகவே யாருடைய எண்ணையும் அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள்.

3. ஒரே கடிகாரத்தில் எல்லாவற்றையும் அளக்காதீர்கள்

இதுதான் நான் பார்த்த நிரல்களில் அதிகம் குழம்பிக்கிடக்கும் இடம். 'டைம்அவுட்' என்று ஒரே ஒரு அமைப்பு இருக்கும். அது எதை அளக்கிறது என்று எழுதியவருக்கே தெரியாது. குறைந்தது ஐந்து கடிகாரங்கள் தேவை.

முதலாவது பெயரைத் தேடும் கடிகாரம். சர்வர் பெயருக்கு உரிய முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் சேவையிடமிருந்து பதில் வராவிட்டால் லினக்ஸின் வழக்கமான தேடல் 5 விநாடி காத்திருந்து, ஒவ்வொரு பெயர்ச் சர்வரையும் 2 முறை கேட்கும். இரண்டு பெயர்ச் சர்வர்கள் இருந்தால் 20 விநாடி போயே போய்விட்டது. இணைப்பு டைம்அவுட் இன்னும் ஆரம்பிக்கக்கூட இல்லை. பல நிரல் நூலகங்களில் இணைப்பு டைம்அவுட் பெயர்த் தேடலைக் கட்டுப்படுத்தாது. இதற்கு எளிய மருந்து, கடைசியாக வேலை செய்த முகவரிகளைச் சாதனத்திலேயே சேமித்துவைத்து, 2 விநாடியில் பெயர் கிடைக்காவிட்டால் பழைய முகவரியோடு கிளம்பிவிடுவது. பதில் பிறகு வந்தால் வரட்டும்.

இரண்டாவது, டிசிபி இணைப்புக் கடிகாரம். இந்தக் கட்டுரையின் நாயகன். அடுத்த இரண்டு படிகள் அதற்கே.

மூன்றாவது, அறிமுகக் கடிகாரம்: டிஎல்எஸ் ஒப்பந்தம் (சர்வரின் அடையாளத்தைச் சரிபார்த்து, பேச்சை மறையாக்கத் தொடங்குவது) முடிந்து, பயனர் உள்நுழைந்து, "வணக்கம், தயார்" என்று செய்தி சர்வர் சொல்லும் வரை. இதைத் தனியாக வைப்பதற்கு வலுவான காரணம் உண்டு. சர்வர் நிரல் உறைந்துபோய்க் கிடந்தாலும் அந்தக் கணினியின் கர்னல் டிசிபி இணைப்புகளைத் தானாகவே ஏற்று வரிசையில் நிறுத்திக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இணைப்பு வெற்றி. உள்ளே ஆள் இல்லை. டிசிபி இணைந்தவுடன் டைம்அவுட்டை ரத்துசெய்துவிடும் செயலி அங்கேயே விடியும்வரை உட்கார்ந்திருக்கும்.

நான்காவது, இணைந்த பிறகு மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் கடிகாரம். ஐந்தாவது, எல்லாவற்றையும் சேர்த்த மொத்த வரம்பு: பயனருக்கு "தொடர்பு இல்லை, உங்கள் செய்தி வரிசையில் இருக்கிறது" என்று உண்மையைச் சொல்ல வேண்டிய நேரம். நாங்கள் அதற்கு 10 விநாடி வைத்திருக்கிறோம். பின்னால் முயற்சி தொடரும்; ஆனால் சுழலும் வட்டத்தைக் காட்டி ஆளை ஏமாற்றக் கூடாது.

4. பயன்படுத்துகிறவர் நிற்கும் இடத்திலிருந்து அளவெடுங்கள்

அலுவலக ஃபைபரிலிருந்து அளந்து பயனில்லை. நான் லாஸ்பேட்டையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அளந்த எண்ணுக்கும், துறைமுகத்தில் ஈரக் கையோடு ஒருவர் தட்டும்போது வரும் எண்ணுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

முதலில் இயற்கை விதித்த அடிமட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். புதுச்சேரிக்கும் மும்பைக்கும் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 1,100 கி.மீ.; போய்வர 11 மில்லிவிநாடிக்குக் குறைவாக யாராலும் முடியாது. கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை, வழியில் கருவிகள் பல இருக்கின்றன, ஆகவே நடைமுறையில் அதன் மடங்குகளாக வரும். உறங்கிக்கிடந்த போனின் ரேடியோ விழித்தெழ இன்னும் சில நூறு மில்லிவிநாடி ஆகலாம். இவை எல்லாவற்றையும் கூட்டினாலும் நல்ல நாளில் ஒரு விநாடியைத் தாண்டாது.

துறைமுகத்திலிருந்து, சந்தையிலிருந்து, ஓடும் பஸ்ஸிலிருந்து, நாளின் வெவ்வேறு நேரங்களில் குறைந்தது நூறு நூறு முறை இணைத்துப் பாருங்கள். சராசரியைத் தூக்கிப் போடுங்கள். எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நூறில் 99ஆவதாக நிற்பதைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு வேடிக்கையைக் காண்பீர்கள்: எண்கள் ஒரே சரிவாக ஏறாது. ஒரு விநாடிக்குக் கீழே ஒரு கூட்டம், பிறகு வெற்றிடம், ஒரு விநாடிக்குச் சற்று மேலே ஒரு சிறு கூட்டம், மறுபடி வெற்றிடம், மூன்று விநாடியைத் தாண்டி இரண்டு மூன்று எண்கள். அந்தப் படிக்கட்டுதான் அடுத்த படியின் விஷயம்.

5. மறுமுயற்சி நேரங்களோடு எண்ணைப் பொருத்துங்கள்

முதல் சின் புறப்படும் கணம் 0. தொலைந்தால் அடுத்தது 1ஆம் விநாடியில். அதுவும் தொலைந்தால் 3ஆம் விநாடியில். அப்புறம் 7, பிறகு 15. ஒரு விநாடி, மூன்று விநாடி என்று கூட்டம் கூட்டமாக எண்கள் நிற்பதற்கு இதுவே காரணம்.

இப்போது டைம்அவுட்டை 3 விநாடி என்று வைத்தால் என்ன ஆகும்? மூன்றாவது சின் புறப்படும் அதே நொடியில் நீங்கள் கதவைச் சாத்திவிட்டுப் போகிறீர்கள். பதில் வர 50 மில்லிவிநாடிதான் தேவைப்பட்டிருக்கும். 3 என்பது பார்வைக்கு அழகான எண், உண்மையில் 1.5க்கும் அதற்கும் பெரிய வேறுபாடு கிடையாது. இரண்டிலும் இரண்டு முயற்சிகள்தான்.

4 விநாடி வைத்தால் மூன்று முயற்சிகளும் பதிலுக்கான அவகாசமும் கிடைக்கின்றன. 5 அல்லது 6 வைத்தால்? கூடுதலாக எதுவும் கிடைக்காது. 3க்கும் 7க்கும் நடுவே எந்தப் பேக்கெட்டும் புறப்படுவதில்லை, சும்மா நிற்கிறீர்கள். அடுத்த முயற்சி வேண்டுமென்றால் 8க்குப் போக வேண்டும்.

கணக்காகவே பாருங்கள். பாதை மோசமாக இருக்கிறது, போய்வரும் வழியில் எங்காவது தொலைய பத்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முயற்சிகளும் தோற்க நூறில் ஒன்று. மூன்றும் தோற்க ஆயிரத்தில் ஒன்று. 3இலிருந்து 4க்கு நகர்ந்த ஒரு விநாடியில் பொய்யான தோல்வி பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. 4இலிருந்து 6.9க்கு நகர்ந்தால் ஒன்றும் குறையவில்லை. நிஜத்தில் பேக்கெட்டுகள் தனித்தனியாகத் தொலைவதில்லை, மழைத்துளி போலச் சேர்ந்தாற்போல் விழும். ஆகவே இந்த ஆயிரத்தில் ஒன்றை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் எந்த இடத்தில் கோடு போடுவது என்பதைக் கணக்கு சரியாகவே காட்டுகிறது.

புதிய கர்னல்களில் முதல் சில சின்கள் விநாடிக்கு ஒன்றாகப் போவதால் 4 விநாடிக்குள் இன்னும் ஒரு வாய்ப்பு கூடும். எல்லார் கையிலும் புதிய கர்னல் இல்லை. பழையதை வைத்தே கணக்கிடுங்கள். எங்கள் இயல்பு மதிப்பு 4,000 மில்லிவிநாடி.

6. வரிசையில் நிற்காமல் ஓடவிடுங்கள்

4 விநாடி என்று திருத்திவிட்டோம். நான்கு முகவரிகளுக்கு 16 விநாடி. 120இலிருந்து 16 பெரிய முன்னேற்றம்தான். ஏலத்தில் நிற்பவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

முதல் முகவரி தோற்ற பிறகுதான் இரண்டாவதைத் தொட வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. உலாவிகள் இதைப் பல ஆண்டுகளாகச் செய்கின்றன. 2012இல் ஆர்எஃப்சி 6555 என்ற இணையத் தர ஆவணமாகவும், 2017இல் ஆர்எஃப்சி 8305 ஆகவும் வந்த 'ஹேப்பி ஐபால்ஸ்' முறை இதுதான்: ஒரு முகவரிக்கு முயற்சியைத் தொடங்கி, 250 மில்லிவிநாடியில் பதில் இல்லையென்றால், அதைக் கைவிடாமலே அடுத்த முகவரிக்கும் தொடங்கு. முதலில் எது இணைகிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடு. ஐபிவி6 பாதை மட்டும் பழுதாகி, ஐபிவி4 நன்றாக இருக்கும் இடங்களில் இது கைகண்ட மருந்து.

ஆனால் அந்த 250ஐ இரண்டு இடங்களுக்கு நடுவே வைக்காதீர்கள். மாற்று இடம் ஆபத்துக்காக வைத்திருப்பது. கால் விநாடி தாமதத்துக்கெல்லாம் பாதிப் பேர் அங்கே ஓடினால், பயனர்கள் இரண்டு இடங்களிலும் சிதறி, செய்திகளை நடுவில் கடத்துவதே சர்வருக்கு வேலையாகிவிடும். ஒரே இடத்தின் முகவரிகளுக்குள் 250 மில்லிவிநாடி. இடம் மாற 2 விநாடி. இதுதான் என் தேர்வு. ஏன் 2? ஒரே ஒரு சின் தொலைந்திருந்தால் 1ஆம் விநாடியில் மறுபடி போகும். அதற்குப் பதில் வர இன்னொரு விநாடி அவகாசம் தருகிறேன். அதற்குள்ளும் முதல் இடத்தின் நான்கு கதவுகளில் ஒன்றுகூடத் திறக்கவில்லை என்றால், அங்கே ஏதோ கோளாறு என்று நம்பக் காரணம் இருக்கிறது.

நேரக்கோட்டில் வைத்துப் பாருங்கள். 0, 0.25, 0.5, 0.75 ஆகிய நேரங்களில் முதல் இடத்தின் நான்கு முகவரிகளுக்கும் சின் போகிறது. 2.0இல் இரண்டாவது இடத்துக்கு. அது நலமாக இருந்தால் 2.1க்குள் இணைந்துவிடுகிறது. 120 விநாடி இரண்டு சொச்சமாகச் சுருங்கிவிட்டது. எந்த முகவரிக்கும் தந்த 4 விநாடிப் பொறுமையைக் குறைக்காமலே.

ஓர் எச்சரிக்கை. போட்டியில் வென்ற இணைப்பில் மட்டும்தான் உள்நுழைய வேண்டும். இரண்டிலும் உள்நுழைந்துவிட்டு ஒன்றை மூடினால், அதே பயனர் ஒரு கணம் இரண்டு இடங்களில் இருப்பதாகச் சர்வர் நினைக்கும். வந்த செய்தியை மூடப்போகும் கதவுக்கு அனுப்பும். அந்தச் செய்தி எங்கே போனது என்று தேடி ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை நான் தொலைத்திருக்கிறேன்.

7. இணைந்தபின் செத்துப்போன இணைப்பு

செய்திச் செயலியின் வாழ்நாளில் இணைக்கும் நேரம் துளி. இணைந்திருக்கும் நேரமே பெரும்பகுதி. பாதை அறுவதும் பெரும்பாலும் அப்போதுதான். இங்கேயும் இயங்குதளத்தை நம்பினால் கதை முடிந்தது. அனுப்பிய தரவுக்கு ஒப்புதல் வராவிட்டால் லினக்ஸ் இயல்பாக 15 முறை மறுபடி அனுப்பிப் பார்க்கும். கைவிட ஏறத்தாழ 924 விநாடி, அதாவது கால் மணி நேரம் ஆகும். எதுவும் அனுப்பாமல் சும்மா இருக்கும் இணைப்பு என்றால் மறுமுனை இருக்கிறதா என்று விசாரிக்கும் கீப்அலைவ் அமைப்பை இயக்கியிருந்தாலும் முதல் விசாரணை 7,200 விநாடிக்குப் பிறகுதான். பிறகு 75 விநாடிக்கு ஒன்றாக 9 முறை. மொத்தம் 2 மணி 11 நிமிடம் 15 விநாடி. அதற்குள் ஏலம் முடிந்து, மீன் விற்று, ஆள் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்.

எனவே செயலியே நாடி பிடித்துப் பார்க்க வேண்டும். ரேபிட்எம்க்யூ 3.5.5 பதிப்புக்கு முன் 580 விநாடியாக இருந்த ஹார்ட்பீட்டை, அதாவது நாடி பார்க்கும் கால அளவை, 60 ஆக்கியது. சிறு சாதனங்களுக்கான செய்தி நெறிமுறையான எம்க்யூடிடியில் கிளையன்ட் ஒரு கீப்அலைவ் இடைவெளியைச் சொல்லும். அதன் ஒன்றரை மடங்கு நேரம் எதுவும் வராவிட்டால் சர்வர் இணைப்பை அறுத்துவிடும். சர்வர்களுக்கு நடுவே இந்த எண்கள் சரி. போனில் ஒவ்வொரு பிங்கும் ('இருக்கிறாயா' என்ற சிறு விசாரிப்பு) ரேடியோவை எழுப்பி பேட்டரியைத் தின்னும். அடிக்கடி கேட்டால் பேட்டரி போகும். அரிதாகக் கேட்டால் பிணத்தோடு பேசிக்கொண்டிருப்போம்.

நாங்கள் எண்ணைச் சூழ்நிலைக்குத் தக்கபடி மாற்றினோம். பயனர் எதுவும் செய்யாமல் இருக்கும்போது 4 நிமிடத்துக்கு ஒரு பிங் போதும். அவர் செய்தியை அனுப்பிய கணம் முதல் 8 விநாடிக்குள் சர்வரின் ஒப்புதல் வர வேண்டும். போய்வர 50 மில்லிவிநாடி ஆகும் பாதையில் லினக்ஸின் முதல் மறு அனுப்புதல் சுமார் கால் விநாடியில் நடக்கும். இரட்டித்துக்கொண்டே போனால் 8 விநாடிக்குள் ஐந்து முறை முயன்றிருக்கும். அதிலும் பதில் இல்லையென்றால் இணைப்பைக் கைவிட்டு 6ஆம் படியின் போட்டியைத் தொடங்கலாம். வைஃபையிலிருந்து 4ஜிக்கு மாறியதாகப் போன் சொன்னால், கேள்வி கேட்காமல் உடனே ஒரு பிங், 3 விநாடி அவகாசம்.

தாவிய பின் அதே செய்தியை மறுபடி அனுப்புவோம் அல்லவா? முதல் தடவையே அது போய்ச் சேர்ந்து, ஒப்புதல் மட்டும் தொலைந்திருக்கலாம். ஒவ்வொரு செய்திக்கும் போனிலேயே ஓர் அடையாள எண் கொடுத்து, இரண்டாவது பிரதியை சர்வர் ஒதுக்கும்படி செய்யுங்கள். இது இல்லாமல் டைம்அவுட்டைக் குறைத்தால், "40 கிலோ வஞ்சிரம் எடுத்துக்கொள்கிறேன்" என்ற செய்தி இரண்டு முறை போகும். அதன் விளைவை விளக்கத் தேவையில்லை.

8. திரும்ப வரும் கூட்டம்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை. மின்சாரம் போன இப்படியொரு இரவில், ஒரு பகுதிக்கு மின்சாரமும் டவரும் ஒன்றாகத் திரும்பும் கணத்தை நினைத்துப் பாருங்கள். அந்தப் பகுதியின் அத்தனை போன்களும் ஒரே விநாடியில் சர்வரின் கதவைத் தட்டும். சர்வர் திணறும், பதில் தாமதமாகும், டைம்அவுட் ஆகும், எல்லாரும் ஒன்றாக மறுபடி தட்டுவார்கள். குறுகிய டைம்அவுட் இந்தச் சுழலை இன்னும் வேகப்படுத்தும்.

தோற்ற ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் காத்திருப்பை இரட்டியுங்கள்: 1, 2, 4 என்று 60 விநாடி உச்சவரம்பு வரை. ஆக்டிவ்எம்க்யூ என்ற செய்தி மென்பொருளின் ஃபெயில்ஓவர் (மாற்று சர்வருக்குத் தாவும்) முறை 10 மில்லிவிநாடியில் தொடங்கி 30 விநாடி வரை இதே போல் இரட்டிக்கிறது. காத்திருக்கும் நேரத்தை அப்படியே எடுக்காமல், பூஜ்யத்துக்கும் அந்த எண்ணுக்கும் நடுவே சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் ஒன்றை எடுங்கள். கூட்டம் தானாகக் கலையும். இன்னொன்று, பலரும் தவறவிடுவது: இணைந்தவுடன் கணக்கை 1க்குத் திருப்பாதீர்கள். இணைப்பு ஒரு நிமிடமாவது நிலைத்த பிறகு திருப்புங்கள். இல்லையென்றால் இணைந்து இணைந்து அறுகிற சர்வரை விநாடிக்கொரு முறை குத்திக்கொண்டே இருப்பீர்கள்.

முதல் இடம் சரியானவுடன் ஓடிப்போய் அங்கே திரும்பவும் தேவையில்லை. வேலை செய்யும் இணைப்பை அதற்காக அறுக்காதீர்கள். அடுத்த முறை இயல்பாக இணைய நேரும்போது முதல் இடத்திலிருந்து தொடங்கினால் போதும்.

9. எண்ணுக்கு அலகோடு பெயர் வையுங்கள்

சுருக்கமாக முடித்துவிடலாம். அமைப்பின் பெயரிலேயே மில்லிவிநாடி என்று எழுதுங்கள். 4 என்று போட்டுவிட்டு 4 மில்லிவிநாடியில் எல்லாம் தோற்கிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். பூஜ்யத்துக்கு ஒரு நூலகத்தில் 'எப்போதும் காத்திரு' என்று பொருள், இன்னொன்றில் 'காத்திருக்கவே வேண்டாம்' என்று பொருள். பூஜ்யத்தை ஏற்காமல் பிழை காட்டிவிடுவது நல்லது. ஏன் 4,000 என்று இரண்டு வரி குறிப்பை அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவைத்தால், அடுத்து வருபவர் அதைப் பார்த்து 3,000 ஆக்க மாட்டார்.

10. மௌனத்தைச் சோதியுங்கள்

சர்வர் நிரலை நிறுத்துவது சோதனை ஆகாது என்று முதலிலேயே சொன்னேன். போனை விமானப் பயன்முறைக்கு மாற்றுவதும் ஆகாது. வலையமைப்பு இல்லை என்று போனே உடனே செயலிக்குச் சொல்லிவிடும். லினக்ஸ் ரவுட்டரில் ஐபிடேபிள்ஸ் என்ற ஃபயர்வால் கருவியை வைத்து முதல் இடத்துக்குப் போகும் பேக்கெட்டுகளை 'ரிஜெக்ட்' (மறுப்பு சொல்வது) செய்யாமல் 'டிராப்' (சத்தமின்றி விழுங்குவது) செய்யுங்கள். அப்போதுதான் உண்மையான மௌனம் கிடைக்கும். பாதையைச் செயற்கையாக மோசமாக்கும் நெட்எம் கருவியால் 300 மில்லிவிநாடி தாமதமும் பத்து சதவீத இழப்பும் சேர்த்து, செயலி தேவையில்லாமல் தாவுகிறதா என்றும் பாருங்கள். இரண்டு திசையிலும் சோதனை வேண்டும்: செத்ததை விட்டு விலகுகிறதா, நொண்டுவதைப் பொறுத்துக்கொள்கிறதா.

பிறகு பஸ் ஏறுங்கள். புதுச்சேரியிலிருந்து அரியாங்குப்பம், கிருமாம்பாக்கம், ரெட்டிச்சாவடி வழியாகக் கடலூர் போகும் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு நிமிடத்துக்கு ஒரு செய்தி அனுப்பிக்கொண்டே போனேன். டவர் மாறும் இடங்கள், தென்பெண்ணைப் பாலம், எல்லாவற்றிலும் பதிவேட்டில் எண்கள் ஒழுங்காக வந்தன. இறங்கிய பிறகுதான் மாட்டிக்கொண்டேன். தேநீர் குடிக்க நின்ற கடையின் வைஃபையைப் போன் தானாகப் பிடித்துக்கொண்டது. அது கடவுச்சொல் பக்கத்தைக் காட்டும் வகை. எந்த முகவரிக்கு சின் அனுப்பினாலும் அந்த ரவுட்டரே சர்வர் போல நடித்துப் பதில் தந்தது. டிசிபி இணைப்பு 6 மில்லிவிநாடியில் வெற்றி. போட்டியில் அதுவே முதலிடம். மற்ற முயற்சிகளையெல்லாம் செயலி மூடிவிட்டது. அதன்பின் டிஎல்எஸ் நகரவே இல்லை.

எங்கள் போட்டி டிசிபி இணைந்த இடத்தில் வெற்றியை அறிவித்ததுதான் பிழை. வெற்றிக்கோட்டை டிஎல்எஸ் சான்றிதழ் சரிபார்ப்பு முடியும் இடத்துக்குத் தள்ளினோம். அதுவரை மற்ற முயற்சிகள் உயிரோடு இருக்கும். உள்நுழைவு மட்டும் வென்றவருக்கு. அறிமுகக் கடிகாரத்துக்கு 6 விநாடி. ஒரு வைஃபையில் எல்லா முகவரிகளும் இணைந்து, எதிலும் டிஎல்எஸ் முடியாவிட்டால், போனிடம் 4ஜி பாதையைக் கேட்டு வாங்கும்படியும் ஒரு கிளை சேர்த்தோம். அடுத்த வாரம் அதே கடையில், அதே வைஃபையில், இன்னொரு தேநீரோடு நின்று அனுப்பிப் பார்த்தேன். பதிவேட்டின் கடைசி வரி: வைஃபை கைவிடப்பட்டது, 4ஜி வழியே முதல் இடம், 7.2 விநாடி.